செக்கலில் மட்டும் கூப்பிடுங்கள்

ஆழ்கடலுக்குப் போகும் படகுகளோடு பேசுகிற சிற்றலை வானொலிச் செட் ஒன்று எட்டு வருடமாக என் வீட்டில் இருக்கிறது. செட்டை வைத்த முதலாளியின் படகு நிற்பது வாழைச்சேனைத் துறைமுகத்தில். முதலாளியின் வீடும் அங்கேதான். ஆனால் அந்தப் பக்கத்து ஐஸ் ஆலைகளும் மின்சார வயர்களும் போடுகிற இரைச்சலில் தூரத்துக் குரல் எடுபடாது. வவுணதீவில், வாவிக்கரையில், வெட்டையாகக் கிடக்கும் என் வளவுதான் தோது என்று செட்டைப் பொருத்திப் பூட்ட வந்தவர் சொன்னார். இரண்டு தென்னைகளுக்கு நடுவே கம்பி இழுத்தார்கள். அடுத்த வளவில் என் தங்கை இருந்தாள். அவளுடைய புருஷன், என் மச்சான், அந்தப் படகில் வேலை செய்தான். நான் வாவியில் இறால் பிடிப்பவன். கடலுக்குப் போனதில்லை.

செட்டுக்கும் பொழுதுக்கும் உள்ள உறவைப் பூட்ட வந்தவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். சூரியன் மேலே நிற்கும்வரை வானத்தின் ஒரு தட்டு, தாழ்ந்த அலைவரிசையை விழுங்கிவிடும். பொழுது சாய அந்தத் தட்டு கரையும். பிறகு அதற்கும் மேலே உள்ள தட்டில் பட்டுக் குரல் திரும்பிவரும். மிச்சத்தை நான் காதால் படித்தேன். நண்பகலில் செட்டைத் திறந்தால் வெறும் பொரியல் சத்தம். பின்னேரம் ஐந்தரைக்கும் ஒன்றுமில்லை. ஆறேகாலுக்கு, இருநூறு மைலுக்கு அப்பால் நிற்பவன் இருமுவதும் கேட்கும். விடியப்புறம் ஐந்து மணிக்கு அதைவிடச் சுத்தம். அந்நேரம் இடி மின்னல் இருக்காது, குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல வரும். ஆனால் விடியப்புறம் நான் வலை எடுக்கத் தோணியில் போய்விடுவேன். அதனால் படகோடு பேசும் நேரம் பொழுது படுகிற செக்கல் என்று வைத்துக்கொண்டோம்.

நாலு வருடத்துக்கு முந்திய ஆவணி மாதம். படகு புறப்பட்டுப் பன்னிரண்டாம் நாள் செக்கலில் படகோட்டியின் குரல் வந்தது.

“தம்பி, எஞ்சின் இறுகிப் போச்சு. அசையுதில்ல. பற்றரிக்குச் சார்ச் ஏத்த வழியில்ல. நாங்க நிக்கிற இடத்தச் சொல்றன், எழுது.”

எழுதினேன். படகின் இடத்தைக் கரைக்குத் தானாகக் காட்டுகிற கருவி முந்தின பயணத்தில் பழுதாகி, திருத்தக் கொடுத்த இடத்திலேயே கிடந்தது. பகலில் பேசுகிற உயர்ந்த அலைவரிசையும் அவர்களுடைய செட்டில் வேலை செய்யவில்லை. மிஞ்சியது இந்தத் தாழ்ந்த அலைவரிசையும், இறங்கிக்கொண்டிருந்த பற்றரியும்தான்.

“அண்ணன், பகல்ல தொடாதீங்க,” என்றேன். “வீணாப் பற்றரி போகும். ஒரு நாளைக்கு ஒருக்கா, செக்கலுக்கு மட்டும் கூப்பிடுங்க. நான் செட்டடியில இருப்பன்.”

முதலாளி அன்றைக்கே வேறொரு படகை அனுப்பினார். ஆனால் கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காலம். நின்றுபோன படகு நாளுக்கு நாள் கிழக்கே இழுபடும். தேடிப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு நாளும் புது இடம் தெரிய வேண்டும். எஞ்சின் நின்ற இரண்டாம் நாளும் குரல் தெளிவாக வந்தது. இடத்தை எழுதி முதலாளிக்குச் சொன்னேன்.

மூன்றாம் நாள் நண்பகலில் தங்கை வந்தாள். சின்னவளை இடுப்பில் வைத்திருந்தாள், மூத்தவள் பின்னால் நின்றாள்.

“அண்ணன், ஒருக்காக் கூப்பிடுங்களன். அவர்ர குரலக் கேட்டாப் போதும்.”

“இப்ப எடுபடாதுகா. வெயில் எரியுது. அவன் பேசினாலும் எனக்குக் கேக்காது.”

“ஒரேயொருக்கா.”

“பற்றரி முடிஞ்சா ஆரு பொறுப்பு? செக்கலுக்கு வா.”

அவள் போய்விட்டாள். அன்று பின்னேரம் நாலு மணியிலிருந்தே மேற்கே, கரடியனாற்றுப் பக்கம், வானம் கறுத்தது. ஆவணி புரட்டாதியில் இது வழக்கம். பகலெல்லாம் வயல்வெளி வெந்து, பின்னேரம் இடியாக இறங்கும். அது எனக்குத் தெரியாததல்ல. அதற்கு முதல்நாளும் மேகம் கட்டியது. மழை வராமல் கலைந்துபோனது. அப்போதே நேரத்தை விடியப்புறத்துக்கு மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

ஆறேகாலுக்கு மச்சானின் குரல் வந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் செட் வெடித்தது. “கேக்குதா... ஒன்பது...” வெடிப்பு. “தண்ணி குறை...” வெடிப்பு. “...மச்சான், கேக்குதா?” தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கேக்குது, இலக்கத்தத் திருப்பிச் சொல்லு!” என்று கத்தினேன். அவன் திருப்பிச் சொன்னான். எனக்கு ஒன்பது மட்டும்தான் கேட்டது.

நாலாம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் வானம் துப்புரவாக இருந்தது. செட்டில் ஒரு கீறல் சத்தம்கூட இல்லை. குரலும் இல்லை.

அதற்குப் பிறகு நான் வலையை விட்டுவிட்டு செக்கலிலும் விடியப்புறத்திலும் செட்டடியிலேயே கிடந்தேன். விடியப்புறத்தில் சீனக்காரன் பேசுவான், அரபி பாட்டுக் கேட்கும், எங்கோ நிற்கும் வேறு படகுக்காரர்கள் மீன் விலை பேசிக்கொள்வார்கள். எங்கள் படகு மட்டும் இல்லை. தேடிப் போன படகு டீசல் முடிந்து திரும்பியது.

எஞ்சின் நின்ற இருபத்தாறாம் நாள், வெகு கிழக்கே ஒரு சரக்குக் கப்பல் அவர்களைக் கண்டது. படகில் போனவர்கள் நாலு பேர். உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பேர். மச்சான் அதில் இல்லை. தண்ணீர் முடிந்து, பதினேழாம் நாள் இறந்தானாம். உடலைக் கடலில் விட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஓட்டி ஊருக்கு வந்தார். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தள்ளியிருந்தது. தங்கையிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வந்தவரை நான்தான் கூட்டிப் போனேன். மூன்று பேரும் அவளுடைய விறாந்தையில் இருந்தோம். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை.

“மூணாம் நாள் இடியில ஒண்டும் எடுபடல்ல. அடுத்த நாள் விடியப்புறம் உன்ர மனிசன் எழும்பிச் செட்டத் திறந்தவன். நல்லாக் கேக்குது, இப்ப கூப்பிடுவம் எண்டான். நான்தான் விடல்ல. கரையில ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, செக்கலுக்கு மட்டும் எண்டுதான் தம்பி சொன்னவர், இருக்கிற சார்ச்ச வீணாக்காத எண்டன். அதுக்கடுத்த நாளும் கேட்டான். அண்டைக்குச் செக்கலுக்குள்ள பற்றரி முடிஞ்சு போச்சு.”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன்னைத்தான் சொன்னார். தங்கை அவரைப் பார்க்கவில்லை.

“அண்ணன், விடியப்புறம் எடுபடும் எண்டு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அந்த ரெண்டு நாளும் விடியப்புறம் எங்க நிண்டீங்க?”

“வலை எடுக்கப் போனன்.”

அந்த இரண்டு நாளும் எனக்கு அது தோன்றவேயில்லை என்று சொன்னால் பொய். தோணியில் இருக்கும்போது தோன்றியது. செக்கல் என்று நான் சொல்லியிருக்கிறேன், அதனால் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வலையை இழுத்தேன். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். ஓட்டியும் நானும் எழுந்து வந்தோம்.

போன வருடம் தங்கையின் மூத்தவள் பெரியபிள்ளையானாள். தாய்மாமன் நான் ஒருவன்தான். எங்கள் பக்கத்தில் மாமன் முன்னுக்கு நிற்காமல் அந்தச் சடங்கு நடக்காது. உடுப்பும் ஒரு சோடித் தோடும் வாங்கி வைத்துக்கொண்டு, சொல்லி அனுப்புவாள் என்று இருந்தேன். சடங்குக்கு முதல்நாள் தங்கையே வேலியடிக்கு வந்தாள். இந்த நாலு வருடத்தில் அவளாக வந்து பேசியது அன்று மட்டும்தான்.

“நாளைக்கு வராதீங்க அண்ணன். உங்களில கோபம் எண்டு இல்ல. உங்கட முகத்தக் கண்டா எனக்கு அந்த இடிச் சத்தம் கேக்குது. புள்ளைக்கு நல்ல நாள். நான் அழக்கூடாது.”

“சரிகா,” என்றேன். தோட்டை வேலிக்கு மேலால் நீட்டினேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள், புருஷன் வழியில் ஒரு தூரத்து உறவுக்காரர் மாமன் இடத்தில் நின்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மேளம் தொடங்க முதலே நான் தோணியைத் தள்ளிக்கொண்டு வாவிக்குப் போயிருந்தேன். வலை கொண்டுபோகவில்லை. பொழுது படும்வரை நடுவாவியில் கிடந்தேன்.