கோயில் சுவரைத் துடைத்த மெஷின்

நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கிய வருடம், ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு பழைய சிவன் கோயிலில் கும்பாபிஷேகம். இரும்புக் கேட்டில் துரு எடுக்க, எங்கள் தொழிற்சாலையின் மணல் பீய்ச்சும் மெஷினைக் கேட்டார்கள். நான்தான் அனுமதி வாங்கி அனுப்பினேன்.

ஷிஃப்ட் முடிந்து போய்ப் பார்த்தால், கருவறைச் சுவரிலும் மணலை அடித்திருந்தார்கள். தமிழிலும் கன்னடத்திலும் வெட்டியிருந்த கல்வெட்டில் ஓர் எழுத்து மிச்சமில்லை. எந்த ராஜா எந்த ஏரியைக் கோயிலுக்கு எழுதிவைத்தானோ, இனி யாருக்கும் தெரியாது.

"புதுக் கோயிலாட்டம் பளிச்சுனு இருக்குதுங்களே சார்" என்றார் தர்மகர்த்தா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படிக்கத் தெரியலைன்னா அழிச்சிருவீங்களா?" என்று கத்தினேன்.

"நீங்க படிச்சிருக்கீங்களா சார்?"

பல வருடம் அந்தச் சுவரைச் சுற்றி வந்தவன் நான். ஒரு வரி படித்ததில்லை.

இப்போது அங்கே ஒரே வரிதான் இருக்கிறது. சிவப்புப் பெயின்ட்டில், உபயம் என்று போட்டு, என் பெயர்.