நான்காவது புள்ளி

என் மனைவியின் சிறுநீரகம் எத்தனை காலம் தாங்கும் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பென்சிலும் அடிக்கோலும் வைத்துக்கொண்டு நானே கண்டுபிடித்துவிட்டேன். பள்ளியில் படிவம் ஐந்தில் கணிதத்தில் தப்பிப் பிழைத்தவன் செய்கிற வேலையா இது என்று கேட்கலாம். டாக்டரிடம் கேட்கப் பயமாக இருந்தது. கிராஃப் தாளிடம் கேட்பதற்கு அவ்வளவு பயமில்லை.

ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் எங்கள் மகளுக்கு இன்னும் ஏழு மாதத்தில் குழந்தை பிறக்கும். பத்தியச் சமையலுக்கு என் மனைவி போயாக வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஆஸ்பத்திரியில் ஓர் எண் சொல்வார்கள். அது பதினைந்துக்கு இறங்கினால் டயாலிசிஸ் பேச்சு வந்துவிடும். அதன்பிறகு பெர்த்தாவது, பத்தியமாவது.

நாலு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். 'இருவரும்' என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். அவளை வாசலில் இறக்கிவிட்டு, பார்க்கிங் தேடி நான் கிள்ளான் நகரைச் சுற்றிக்கொண்டிருப்பேன். இடம் கிடைக்கும் நேரத்தில், முடிந்துவிட்டது என்று அவள் போன் செய்வாள். காரில் ஏறியதும் எண்ணைச் சொல்வாள். ஐம்பத்திரண்டு. நாற்பத்தேழு. நாற்பத்திரண்டு. நான்காம் தடவை, "அதேதான் லா, நாப்பத்திரெண்டு" என்றாள். நோய் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, நேரே பிரிக்ஃபீல்ட்ஸ் ஓட்டிப்போய் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தேன். ஐந்தாம் தடவை, அதாவது போன வாரம், முப்பத்திரண்டு.

இந்த ஐந்தையும்தான் தாளில் வைத்தேன். கிடைக்கோட்டில் ஆஸ்பத்திரிப் பயணங்கள், செங்குத்தில் எண்கள், ஒரு சின்னக் கட்டத்துக்கு இரண்டு. நேர்க்கோட்டுக்கு y = mx + c. அதில் m என்பது சாய்வு. நாங்கள் மலாயில் படித்தோம், எங்களுக்கு அது கெசெருனான். இரண்டு புள்ளி இருந்தால் போதும், கோடு போடலாம் என்று படித்தது மட்டும் நினைவில் இருந்தது. கடைசி இரண்டையும் இணைத்தேன். ஒரு பயணத்துக்குப் பத்து இறக்கம். கோட்டை நீட்டினால் அடுத்த இரண்டு பயணங்களுக்குள் பதினைந்தைத் தொட்டது. குழந்தை பிறப்பதற்கு முன்பே.

அடிக்கோலைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். பென்சிலைச் சீவிப் பார்த்தேன். கோடு அங்கேதான் தொட்டது.

"டிக்கெட் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவள் வந்தாள்.

"இப்ப அவசரம் என்ன. அவ மாமியாரே வரட்டுமே."

"அந்தம்மாவா? மேகி வேக வெச்சாலே யூடியூப் பாக்கறவங்க." மேசையைப் பார்த்தாள். "என்ன இது, வயசான காலத்துல ஹோம்வொர்க்?"

மறைக்க முயன்றேன். கிராஃப் தாள் பெரியது, என் கை சிறியது. துறைமுகத்தில் சரக்குக் கப்பல்களின் வரவுபோக்கைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கோடு பதினைந்தைத் தொட்ட இடத்தில் விரலை வைத்தாள்.

"இதனாலதான் அந்தம்மா வரட்டுமா?"

அவள் எதிரில் உட்கார்ந்தாள். விரல் மெல்லப் பின்னால் நகர்ந்து நான்காவது புள்ளியில் நின்றது.

"இத அழிச்சிருங்க."

"ஏன்? நல்லா இருந்தது அது ஒன்னுதான்."

"அன்னிக்கு நான் உள்ளயே போகல. கேன்டீன்ல உக்காந்து தே தாரிக் குடிச்சேன். நம்பர் கூப்பிட்டாங்க, எந்திரிக்கல."

"சீனி போட்டா?"

"சீனி போட்டுத்தான்."

சர்க்கரை நோய்க்காரி டீ குடித்தேன் என்றதும் என் வாயில் முதலில் வந்த கேள்வி அது. எதற்காக என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே சொன்னாள். "எப்பப் போனாலும் அஞ்சு அஞ்சா கொறையுது. ஒரு தடவையாவது கொறையாம இருக்கட்டுமேன்னு."

அழித்தேன். மிச்சம் நாலு புள்ளிகள். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் தொடுமாறு அவள் அடிக்கோலை வைத்தாள். நடுவில் இருந்த இரண்டும் அதன் ஓரத்திலேயே, வரிசையில் நிற்கிற பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நின்றன. எந்த இரண்டு புள்ளிகளும் தங்களுக்குள் ஒத்துப்போய்விடும். மூன்றாவதைக் கேட்டால்தான் உண்மை தெரியும் என்பது இந்த வயதில் எனக்கு உறைத்தது. பொய்ப் புள்ளியோடு சேர்த்துப் பார்த்ததால்தான் பத்து இறங்கியதாகத் தெரிந்தது. உண்மையில் தடவைக்கு ஐந்து. கோடு பதினைந்தைத் தொட ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அந்தப் பொய்யால் பயந்துபோயிருந்தவன், பொய் போனதும் அதற்காக ஏங்கினேன். நோய் எங்கேயும் உட்காரவில்லை. நான் அவளுக்கு வாழையிலையில் ரசம் ஊற்றச் சொன்ன மத்தியானத்திலும் அது இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"இப்படியே நேரா போகுமா?" என்றாள்.

"அது டாக்டருக்கே தெரியாது."

"போறதுக்கு அவங்க சரின்னு சொல்லணும்ல?"

"நாளைக்குக் கேட்டுருவோம்."

தலையாட்டினாள். பென்சிலை வாங்கி, குழந்தை பிறக்கப்போகிற மாதத்தைக் கிடைக்கோட்டில் குறித்தாள். அங்கிருந்து மேலே ஏறி, கோட்டைத் தொட்டு நிறுத்தினாள். அந்த இடத்துக்கும் பதினைந்துக்கும் நடுவே நாலே நாலு சின்னக் கட்டம்.

"போதும்," என்றாள். "குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டிட்டு வந்துருவேன்."