மகள் ஓட்டி வந்த ஹைட்ரஜன் கார்

சாத்தூருக்கு வெளியே, நான்குவழிச் சாலை ஓரத்து டீக்கடை முன்னால் என் மகள் காரை நிறுத்தினாள். சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹைட்ரஜன் வாயுவில் ஓடும் கார்களை நெடுந்தூரம் ஓட்டிச் சோதிப்பது அவள் வேலை. அவள் திருநெல்வேலி போகும் வழியில், என்னை அந்தக் கடைக்கு வரச் சொல்லியிருந்தாள். கூட வேலை பார்க்கும் ஒருவரும் வந்திருந்தார்.

அந்த வேலையை விடச் சொல்லத்தான் நான் போனேன். அவள் அம்மா, பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்ததில் இறந்தவள். அதே ஆலையில்தான் நான் இன்றும் பெட்டி அடுக்குகிறேன்.

"பொகையே வராதுப்பா. பின்னாடி பாருங்க, வெறுந் தண்ணிதான். இனிமே ஆபீசுக்கு, கடைக்கு எல்லாரும் இதுலதான் போவாக."

"கேஸ் கசிஞ்சா வாசனை வருமா?"

"இதுக்கு வாசனையே கெடையாதுப்பா. கண்டுபிடிக்க சென்சார் இருக்கு. ஏறுங்க, ஒரு ரவுண்டு போவோம்."

போனை அணைத்து டீக்கடைக்காரரிடம் கொடுத்தேன். செருப்பைக் கழற்றினேன். கதவைத் திறந்து, அது பூட்டிக்கொள்ளும் இரும்பில் உள்ளங்கையை வைத்து நின்றேன்.

"அப்பா காரைக் கும்பிடுறாரா?" என்று கூட வந்தவர் சிரித்தார்.

"தேங்கா ஒடைக்கவா அண்ணாச்சி?" என்றார் டீக்கடைக்காரர்.

மகள் சிரிக்கவில்லை. "மருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி போனை வெளிய குடுத்துட்டு, செருப்பைக் கழட்டிட்டு செம்புத் தகட்டைத் தொடணும் சார். ஒடம்புல இருக்க கரண்டு எறங்கணும்ல. எங்கம்மா தெனம் தொட்டுட்டுத்தான் உள்ள போவாங்க. அன்னிக்கும்."

மூவரும் காரில் ஏறினோம். கார் சத்தமில்லாமல் ஓடியது. ஸ்டியரிங்கில் இருந்த அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் அம்மாவின் விரல்களில் மருந்தில் சேர்க்கும் அலுமினியத் தூளின் சாம்பல் நிறம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. இவள் விரல்கள் சுத்தமாக இருந்தன.

டீக்கடை முன்னால் இறங்கியதும் சொன்னேன்.

"வேணாம் தாயி. இந்த வேலைய விட்டுரு."

"எனக்கும் பயம் இல்லாம இல்லப்பா. சரி, விட்டுர்றேன். மொதல்ல நீங்க பட்டாசு வேலைய விடுங்க. இன்னைக்கே."

வேறு என்ன வேலை தெரியும் எனக்கு? எங்கள் பக்கம் வேறு என்ன வேலை இருக்கிறது? டீக்கடைக்காரரிடம் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"பாத்துப் போங்கப்பா," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

மதியம் ஆலையில் லோடு ஏற்ற வேண்டியிருந்தது. நான் வெம்பக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன்.