சில்லிட்ட கால்

போன வருடம் என் வீட்டுக்காரருக்குத் திருச்சியில் இதய ஆபரேஷன் நடந்தது. அவர் சர்க்கரை நோயாளி. ஏலாக்குறிச்சி வீட்டில் தினமும் ஜெபமாலை முடிந்ததும் அவர் பாதங்களைப் பிடித்துப் புண் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஐசியூவில் பத்து நிமிடம் உள்ளே விட்டபோதும் கை அங்கேதான் போனது. பாதம் சில்லென்றிருந்தது.

“மெஷின்ல ரத்த ஓட்டம் நல்லாத்தாம்மா காட்டுது,” என்றார் நர்ஸ். படித்தவர் சொல்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அது என் பாவம்.

மாலையில் மறுபடி உள்ளே விட்டபோது முழங்கால்வரை குளிர்ந்திருந்தது. நான் நகரவில்லை.

“வெளிய போங்கம்மா. செக்யூரிட்டியக் கூப்பிடவா?” என்றார் நர்ஸ்.

“கூப்பிடுங்க. அவரும் வந்து இந்தக் காலத் தொட்டுப் பாக்கட்டும்.”

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார், தொட்டார். கழுத்துக் குழாயில் ஐஸ் போன்ற சலைனை ஏற்றி, ரத்தம் எவ்வளவு குளிர்கிறது என்று பார்த்துத்தான் இதயம் தள்ளும் ரத்தத்தை மெஷின் கணக்கிடுமாம். தட்டிலிருந்த சலைன் சிரிஞ்சைத் தொட்டவர், “இது வெளியவே கெடந்து குளிர்ச்சி விட்டுப் போச்சே! ரத்தம் கம்மியாக் குளிர்ந்தா மெஷின் ஓட்டத்தக் கூடுதலாக் காட்டும்,” என்றார். புதிதாகக் குளிரவைத்து மூன்று தடவை அளந்தார்கள். இதயம் தேவையான அளவு தள்ளவே இல்லை. உடனே மருந்தை மாற்றினார்கள்.

மருந்து மாற்றிய இரண்டாம் நாள் பாதம் வெதுவெதுப்பானது. “விடுடி, கூசுது,” என்றார் அவர்.

நான் எட்டாவதுதான் படித்தவள். மெஷினைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆண்டவர் கொடுத்த கை ஒன்று சொன்னால், யார் விரட்டினாலும் இனி வாயை மூட மாட்டேன்.