வயிறு சொன்னதை எழுதினேன்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பஸ் வரத் தாமதமானால்கூட வயிறு முறுக்கிக்கொள்ளும். கந்தர்வக்கோட்டையில் ஒரு கம்பவுண்டர், எல்லா நோய்க்கும் கொடுக்கும் சிவப்பு மருந்தையே எனக்கும் ஊற்றித் தந்தார். நாக்குதான் சிவந்தது.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். ஒருநாளும் அண்ணாந்து பார்த்திராத நிலவைப் பற்றி அடுக்குமொழியில் எழுதித் தள்ளுவார்கள். நானும் அப்படி எழுதிப் பார்த்தேன். வரிக்கு வரி வயிறு இன்னும் இறுகியது. சரி, அது சொல்வதைத்தான் கேட்போமே என்று, முறுக்கு எப்போது வருகிறது, எங்கே தொடங்கி எங்கே ஏறுகிறது என்பதை மட்டும் எழுதினேன். முடித்தபோது மூச்சு சீராக வந்தது. வெகுநாளைக்குப் பிறகு பசித்தது.

அதைப் படிப்பகத்தில் வாசித்தேன். பத்திரிகைக்கு ஆசிரியரான மிராசுதார் மகன் சிரித்தார்.

"ஏம்ப்பா, வயித்துவலியெல்லாம் இலக்கியமா? கம்பவுண்டருகிட்ட சொல்ல வேண்டியத இங்கிட்டுக் கொண்டாந்துட்டியே!"

"அவருகிட்டயும் போனேங்க. அவரு எங்க கேட்டாரு? மருந்தத்தான் ஊத்துனாரு."

அந்த இதழில் பக்கம் பக்கமாக நிலா காய்ந்தது. என் வயிற்றுக்கு இடமில்லை. வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த சிவப்பு மருந்தைக் கொல்லையில் கொட்டிவிட்டு, பசி வரும்வரை எழுதினேன்.