அது யசிந்தாவின் பிழை இல்லை

யசிந்தா போய்விட்டா...

இன்று காலை அவாவின் தம்பி முல்லைத்தீவிலிருந்து போன் எடுத்துச் சொன்னார். நாளை பின்னேரம் அடக்கம்.

இங்கே என்னைத் தெரிந்த பலருக்கு அவாவைத் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியாவில் நான் டைப்செட்டிங் கடை நடத்தியபோது என்னிடம் வேலை செய்தவா.

அப்போது கொழும்பில் ஒரு அலுவலகம் கழித்துவிட்ட Unix கம்ப்யூட்டர் மெஷின் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். பெரிய சாமான், பெரிய வேலை செய்யும் என்று ஒரு நினைப்பு. கொண்டுவந்து வைத்தால் ஒருவருக்கும் அதை இயக்கத் தெரியாது. கடைசியில் அதன் மேல் பேப்பர் கட்டுகளை அடுக்கினேன்.

யசிந்தா கொழும்பில் படித்துவிட்டு வேலை கேட்டு வந்தா. வந்தவா என்னைப் பார்க்கவில்லை, மெஷினைத்தான் பார்த்தா.

"அண்ணை, இதுக்கு மேல ஏன் பேப்பர் அடுக்கி வச்சிருக்கிறியள்?"

"வேற என்னத்துக்கு உதவும் பிள்ளை?"

நாலாம் நாள் கடையில் இருந்த இரண்டு டெஸ்க்டொப்பையும் அந்த Unixஐயும் வயரால் இணைத்துவிட்டா. அதுவரை floppyயைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை நடந்தோம். இப்போது பிரின்டர் Unixஇல் பூட்டியிருக்க, இருந்த இடத்திலிருந்தே print கொடுத்தோம். எல்லா fileஉம் Unixக்குள் இருக்கும், எந்த மேசையிலும் திறக்கலாம்.

வாறவர் போறவருக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்தேன். செய்தது யார் என்று சொன்ன ஞாபகம் இல்லை.

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டுமாம். தன் மேசையில் இருந்ததற்குத் தன் ஊர்ப் பெயரைக் கொக்கிளாய் என்று வைத்தா. என்னுடையதற்கு mudalali.

"ஏன் பிள்ளை இந்தப் பேர்?"

"சும்மா இருந்து மற்ற மெஷின் வேலை செய்யிறதைப் பாத்துக்கொண்டிருக்கிறது அதுதானே அண்ணை."

ஒரு விஷயத்தில் மட்டும் கடுமை. Fileக்குத் தமிழ்க் கையில் பெயர் அடிக்கக் கூடாது.

எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. பாமினி என்ற fontஇல் தமிழ் அடித்துப் பழகிய கை file பெயரையும் அப்படியே அடித்துவிடும். திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், ஆனால் எனக்கு வாசிக்க வரும். பாமினியில் r அடித்தால் ச. Shift பிடித்து R அடித்தால் சு. ஆகவே சதா என்றால் rjh, சுதா என்றால் Rjh.

"அண்ணை, Unixக்குச் சின்ன எழுத்து வேற, பெரிய எழுத்து வேற. உங்கட டெஸ்க்டொப்புக்கு ரெண்டும் ஒண்டு. ஒருநாளைக்கு ஒண்டுக்கு மேல ஒண்டை எழுதிப்போடுவியள், பாருங்கோ."

ஓம் ஓம் என்றேன்... கேட்கவில்லை.

சதாசிவம் என்ற ஐயா ஒருவரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் எங்களிடம் வந்தது. File திறந்து rjh என்று பெயர் வைத்துக் கொடுத்தது நான். அவருடைய மனைவி யசிந்தாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, தன் புலம்பலைச் சொல்லச் சொல்ல இவா அடித்தா. கடதாசியில் ஒரு வரி கிடையாது. ஒருத்தி சொல்லி அழ, மற்றவா அடித்து அழ...

அன்று பின்னேரம் சுதா என்ற பிள்ளையின் கலியாணக் கார்ட் வந்தது. நானே அடித்தேன். Rjh என்று save கொடுத்தேன். திரையில் ஒரு பெட்டி வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. அந்தப் பெட்டி ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் வரும். Yes அழுத்திவிட்டு எழும்பிப் போனேன்.

அடுத்த நாள் காலை அந்த அம்மா மகனோடு வந்தா, proof பார்க்க. யசிந்தா சதா fileஐத் திறந்தா.

திருமண அழைப்பிதழ்.

"ஆர் அழிச்சது?" மகன் சத்தம் போட்டார்.

யசிந்தா Unixஇல் எதையோ தட்டினா. எந்த மெஷின் எத்தனை மணிக்கு எதை எழுதியது என்று அது குறித்து வைக்குமாம். ஒரு தாள் print ஆகி வந்தது. பிரின்டர் என் பக்கத்தில், எடுத்துக் கொடுத்தது நான்தான். கடைசி வரியில் mudalali.

கொடுத்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்:

"பிள்ளை வேலைக்குப் புதுசு. கை பிசகிட்டுது."

அவா தாளைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. தாளை நாலாக மடித்தா.

"அம்மா, இருங்கோ. திரும்பச் சொல்லுங்கோ, அடிச்சுத் தாறன்."

அம்மா இருந்தா. கனநேரம் இருந்தா. "அண்டைக்கு வந்தது இண்டைக்கு வருகுதில்லைப் பிள்ளை..."

நினைவு மலரில் அந்தப் பக்கம் ஐயாவின் படத்தோடு மட்டும் வந்தது.

கதை ஊருக்குள் பரவியது. "அந்தப் பிள்ளையிட்டை வேலை குடுக்காதேங்கோ" என்று என் முகத்துக்கு முன்னாலேயே சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. கடைப் பெயர் கெடக் கூடாது என்று நினைத்தேன், அதுதான் உண்மை. மாதம் முடிய அவா வேலையை விட்டுவிட்டா. நில்லுங்கோ என்றும் நான் சொல்லவில்லை.

சமாதானம் வந்து A9 பாதை திறந்த பிறகு ஒருநாள் மாங்குளத்தில் பஸ்ஸுக்கு நின்றவாவைக் கண்டேன்.

"அண்ணை, இப்பவெண்டாலும் இங்கிலிஷில பேர் வைக்கிறியளோ?" என்று சிரித்தா.

நானும் சிரித்தேன். சோடா வாங்கிக் கொடுத்தேன். பஸ் வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது... சொல்லியிருக்கலாம்.

இன்று காலை தம்பி சொன்னார்: "அக்கா உங்களைப் பற்றிக் குறை ஒண்டும் சொல்லமாட்டா அண்ணை. முதலாளி எண்டொரு மெஷின் இருந்ததாம், அதைச் சொல்லித்தான் சிரிப்பா."

சதாசிவம் ஐயா வீட்டார் யாராவது இதை வாசித்தால்... அந்தப் பிள்ளை ஒன்றையும் அழிக்கவில்லை.

Yes அழுத்தியது நான்.

நாளைக்கு வாறன், யசிந்தா.