சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

எழுபதுகளில் நான் வேலை பார்த்த அடையாறு ஆபீசில், ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பீரோ பீரோவாக நின்ற அதன் பெட்டிகளுக்கெல்லாம் ஆயுத பூஜையன்று மேனேஜர் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். பொரி, சுண்டல் என்று ஒரே அமர்க்களம்.

விஜயதசமியன்று மறுபடி ஓட்டினோம். மற்றவர்களின் சின்னச் சின்ன புரோகிராம்கள் ஓடின. பரீட்சை மார்க்குகளைத் தொகுக்க நான் எழுதிய பெரிய புரோகிராம் மட்டும் நின்றுவிட்டது. போன வாரம் ஓடியதே என்றேன். மேனேஜர் காதில் வாங்கினால்தானே! பெண் எழுதியது அப்படித்தான் இருக்கும் என்றார். அடுத்த வாரமே நான் கார்டு பஞ்ச் பிரிவுக்குத் திரும்ப வேண்டுமாம். அங்கே பிறர் எழுதியதை அட்டையில் ஓட்டை போட்டுத் தருவதுதான் வேலை. அங்கிருந்து ஹாலுக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பற்றிக்கொண்டு வந்தது. போவதாவது!

மறுநாள் மந்தைவெளியில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஹாலில் ஆபரேட்டர் மட்டும் இருந்தார். கன்சோல் என்பது அப்போது ஒரு டைப்ரைட்டர். நாம் கட்டளை அடித்தால் கம்ப்யூட்டர் அதே காகிதத்தில் பதில் அடிக்கும். உன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று கேட்கும் கட்டளையை அடித்தேன். டேப் டிரைவ், பிரிண்டர் எல்லாம் சரியாகச் சொன்னது. மெமரி மட்டும் பாதிதான் இருப்பதாகச் சொன்னது. சின்ன புரோகிராம்களுக்கு அது போதும், என்னுடையதற்குப் போதாது.

மெமரிப் பெட்டிகளிடம் போய்ப் பார்த்தேன். எல்லாப் பெட்டிக்கும் நட்டநடுவில் பொட்டு. ஒரு பெட்டிக்கு நட்டநடுவில் இருந்தது ஸ்விட்ச். காய்ந்த சந்தனத்தோடு அமுங்கி, அணைந்து கிடந்தது.

நான் கையை நீட்டியதும் ஆபரேட்டர் பதறிவிட்டார். "சார் கையால வெச்ச பொட்டும்மா. தொடாத."

அதுவும் நல்லதுதான், அவரே வந்து பார்க்கட்டும் என்று கன்சோலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மேனேஜர் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பது அங்கே வழக்கம். ஆபரேட்டர் எழுந்தார். நான் உட்கார்ந்தபடியே காகிதத்தைக் கிழித்து நீட்டி, அந்த ஸ்விட்சைக் காட்டினேன். படித்தார். போய்ச் சந்தனத்தை நகத்தால் சுரண்டி, ஸ்விட்சைப் போட்டார். புரோகிராம் ஓடியது.

"மெஷினே சொல்லுது. அப்ப உன் புரோகிராம் சரியாத்தான் இருக்கும்," என்றார்.

"நானும் அதைத்தானே சார் சொன்னேன்."

நகத்தில் ஒட்டிய சந்தனத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி, இங்கேயே உக்காரும்மா," என்றார்.

நான் எழுந்திருக்கவே இல்லை.